கற்றதைக் கொடுத்தல்

ஆடித் திங்கள் முழுமதி நாள் நமக்கு ஆசிரியத் திருநாள். போதி மரத்தடியில் மெய்யுணர்வு எய்திய பகவான், வாரணாசியை அடுத்த இசிபதனத்து மான்சோலையில், ஐவர் முன்னிலையில் அறவாழியை உருட்டியது இந்நாளிலேயாம். அவர் ஞானம் பெற்ற வைகாசிப் பூரணையைச் சிறப்பாகக் கொண்டாடுகின்றோம். அந்த ஞானத்தைப் பிறர்க்கு வழங்கத் தொடங்கிய இந்நாளையோ நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். மெய்யுணர்ந்தவர் அனைவரும் அதனைப் பிறர்க்கு உரைத்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் யாதுமில்லை. பகவானும் தொடக்கத்தில் தயங்கினார் என்றே நூல்கள் கூறுகின்றன. ஆழமும் நுட்பமும் வாய்ந்த இவ்வறத்தை ஆசையில் மூழ்கிய உலகம் ஏற்குமோ, உரைத்தல் வீண் உழைப்பாய் முடியுமோ என்று அவர் எண்ணினார். ஆயினும், கண்ணில் மாசு குறைந்தோரும் சிலர் உளர், அவர்கள் கேளாமையாற் கெடுவர் என்னும் இரக்கம் மேலிட்டது. அவ்விரக்கமே அவரை எழுந்து நடக்கச் செய்தது. உணர்வினால் புத்தரான பெருமான் இரக்கத்தினால் ஆசானானார் என்று நாம் கொள்ளல் தகும்.

இந்நாளில் நம் சிந்தனைக்கு உரிய பொருள், அறத்தைக் கற்பதும் கற்பிப்பதும் ஆகும். நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள் இரண்டு உள. நாள் முழுதும் உழைத்துப் பிழைக்கும் அன்பர்கள், “ஐயா, திரிசரணமும் பஞ்சசீலமும் எங்களுக்குப் போதாவோ? பாலியும் அபிதம்மமும் கல்லூரியில் இருப்போர்க்கு அல்லவோ உரியன?” என்கின்றனர். படித்த இளைஞர் சிலரோ, “பௌத்த தத்துவம் பயின்று பட்டம் பெற்றால் எங்களுக்கு என்ன பதவி கிடைக்கும்?” என்கின்றனர். முன்னவர் கல்வியைக் கண்டு அஞ்சுகின்றனர். பின்னவர் அதனை விலை பேசுகின்றனர். இவ்விரு சாரார்க்கும் ஒருங்கே விடையளிக்கவல்ல வாழ்க்கை ஒன்று நம் நாட்டிலேயே அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது. அது தருமானந்த கோசாம்பி என்னும் பெரியாருடைய வாழ்க்கை.

கோவா நாட்டில் சாங்க்வால் என்னும் சிற்றூரில் 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் அவர் பிறந்தார். தென்னந்தோப்பைப் பேணி வாழும் குடும்பம். ஊரில் கிடைத்த தொடக்கக் கல்விக்கு மேல் அவருக்குப் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. இளமையிலேயே மணம் முடிந்தது. தோப்பு வேலையும் இல்லற வேலையுமாக நாள்கள் கழிந்தன. இவ்வாறு இருக்கையில், 1897-ஆம் ஆண்டில், சிறுவர்க்கென மராட்டியில் நடத்தப்பட்ட ‘பாலபோதம்’ என்னும் இதழில் புத்தர் பெருமானுடைய வரலாற்றுச் சுருக்கம் ஒன்றை அவர் படிக்க நேர்ந்தது. அன்பர்காள், இதனைச் சற்று நினைந்து பார்மின்! பெரும் பண்டிதர் எழுதிய தத்துவ நூல் அன்று. சிறுவர்க்காக எழுதிய சில பக்கங்களே. பெயரை நாம் அறியாத எவரோ ஒருவர், குழந்தைகளுக்கு விளங்க வேண்டும் என்னும் கருத்தோடு எளிமையாக எழுதிய அச்சில பக்கங்கள், பின்னாளில் மூன்று கண்டங்களில் பாலி கற்பித்த ஒருவரை ஆக்கித் தந்தன. எளிய நடையில் அறம் உரைப்பதைச் சிறுமையாகக் கருதுவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

அதன் பின்னர் அவர் உள்ளம் தோப்பில் தங்கவில்லை. 1899-ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மனைவி பாலாபாயும் அவ்வாண்டிலேயே பிறந்த பெண் மகவும் வீட்டில் இருந்தனர். இதனை நாம் மறைத்துப் பேசுதல் ஆகாது. சித்தார்த்தர் துறவை யசோதரையின் கண்ணீரோடு சேர்த்தே நினைப்பது நம் மரபு. கோசாம்பியின் கல்விக்கும் அவ்வம்மையார் ஒரு விலை கொடுத்தார். கொடுக்க அவரை எவரும் கேட்கவில்லை. பின்னாளில் கோசாம்பி குடும்பத்தைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். மகளையும் மகனையும் அமெரிக்கா வரை கொண்டுசென்று கற்பித்தார். ஆயினும் பிரிந்திருந்த ஆண்டுகள் பிரிந்திருந்தவையே. ஆதலின், கற்றார் ஒருவரைப் போற்றும்போது, அவர் கற்பதற்காக வீட்டில் பாரம் சுமந்தாரையும் ஒருசேர நினைத்தல் நம் கடமை.

புனேயில் வடமொழி கற்கத் தொடங்கிக் காசிக்குச் சென்றார். அங்கே அன்னசத்திரத்தில் உண்டு பயின்றார். புத்தர் பிறந்த நாட்டில் புத்தர் நெறி கிடைக்கும் என்று நேபாளம் சென்றார். அங்கே தாம் தேடியது கிடைக்காமல் புத்தகயைக்கு வந்தார். பாலி மொழியும் திரிபிடகமும் கற்க வேண்டின் இலங்கைக்குச் செல்லுதல் வேண்டும் என்று அறிந்து, 1902-இல் கொழும்பு சென்று, வித்தியோதயப் பரிவேணையில் சுமங்கல மகாதேரரிடம் மாணவராய் அமர்ந்தார். சாமணேரராய்ச் சீவரமும் உடுத்தார். பின்னர்ப் பர்மாவுக்குச் சென்று அங்குள்ள பிக்குகளோடு வாழ்ந்து தியானமும் அபிதம்மமும் பயின்றார். இந்நாட்டில் தோன்றிய செல்வத்தை இந்நாட்டு மகன் ஒருவன் அயல்நாடுகளில் சென்று தேடிப் பெறவேண்டிய நிலையில் நாம் இருந்தோம். அந்நாடுகள் அதனைப் பேணி வைத்திருந்து, கேட்டவர்க்கு மறுக்காமல் கொடுத்தன. இந்நன்றியை நாம் எந்நாளும் மறத்தல் கூடாது.

1906-இல் அவர் கல்கத்தாவை அடைந்தார். அங்குத் தேசியக் கல்லூரியிலும், பின்னர் ஆசுதோஷ் முகர்ஜியின் ஆதரவால் பல்கலைக்கழகத்திலும் பாலி கற்பிக்கும் பணி கிடைத்தது. பட்டம் ஒன்றும் பெறாதவர் பல்கலைக்கழகத்து ஆசிரியரானார். இவ்வளவில் கதை முடிந்திருந்தால், ‘முயன்றார், உயர்ந்தார்’ என்று ஒரு வரியில் சொல்லி நாமும் அமைந்திருப்போம். அவருடைய பெருமையோ இதன் பின்னரே விளங்குகின்றது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அவரைக் கண்டு, மராட்டிய நாட்டில் எவ்வூரிலேனும் தங்கி ஆண்டுக்கு ஒரு நூல் எழுதித் தருவதாயின் மாதம் 50 ரூபாய் தருவதாகக் கூறினார். கல்கத்தாப் பல்கலைக்கழகமோ அவரை விட மனமின்றி மாதம் 250 ரூபாய் தர முன்வந்தது. கோசாம்பி 50 ரூபாயையே ஏற்றார். தம் மொழி பேசும் மக்களுக்குப் புத்தர் அறத்தை எடுத்துச் சொல்வோர் இல்லை என்பது ஒன்றே அதற்குக் காரணம்.

பதவி யாது கிடைக்கும் என்று வினவும் இளைஞர்காள்! ஊதியம் வேண்டா என்று நாம் உங்களுக்கு உபதேசிக்கவில்லை. பசித்தவனுக்கு முதலில் உணவு, பின்னரே அறவுரை என்று கருதியவர் நம் பகவான். ஆலவி நகரில், காணாமற்போன எருதைத் தேடிக் களைத்து வந்த ஏழை உழவன் ஒருவனுக்கு உணவளிக்கச் செய்து, அவன் உண்டு முடித்த பின்னரே போதனையைத் தொடங்கினார் என்பது வரலாறு. நல்வாழ்வுக்கு வேண்டுவதை நேர்மையாய் ஈட்டுதல் எண்வழியுள் ஒன்றாகிய நற்சீவனமேயாம். ஆனால் 250-க்கும் 50-க்கும் இடையே நின்று கோசாம்பி தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினா ஒன்று உண்டு: ‘நான் கற்றது எங்கே மிகுதியாகத் தேவைப்படுகின்றது?’ பௌத்த தத்துவம் பயில்வோர் அனைவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் இவ்வினாவின் முன் நின்று பார்த்தல் வேண்டும்.

அதன் பயனாக நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். அவர் பரோடாவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1910-இல் ‘புத்தர், தருமம், சங்கம்’ என்னும் பொருள்படும் நூலாக மராட்டியில் வெளிவந்தன. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாலிக்கு இடம் கிடைக்க, பெரும் புலவர் பண்டார்க்கரோடு சேர்ந்து அவர் உழைத்தார். 1912 முதல் 1918 வரை புனேயிலுள்ள பெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். அங்கே அவரிடம் பயின்றவருள் ஒருவர் பி. வி. பாபட். பகவான் பரிநிருவாணம் எய்திய 2500-ஆம் ஆண்டு விழாவையொட்டி இந்திய அரசு 1956-இல் வெளியிட்ட பௌத்த வரலாற்று நூலின் பதிப்பாசிரியர் இவரே. ஒரு விளக்கு மற்றொரு விளக்கை ஏற்றுவதால் தன் ஒளியில் குறைவதில்லை. ஆசிரியத் தொழிலின் இலாபக் கணக்கு முழுவதும் இதில் அடங்கும்.

இனி, கடல் கடந்த பணி ஒன்றைக் கூறுவோம். புத்தகோசர் இயற்றிய ‘விசுத்திமக்கம்’ என்னும் தூய்மை நெறி நூலை நீவிர் அறிவீர். சீலம், சமாதி, பஞ்ஞை என்னும் மூன்று படிகளில் பௌத்த நெறி முழுவதையும் தொகுத்துரைப்பது அந்நூல். அதனை இயற்றிய புத்தகோசர் காஞ்சியில் வாழ்ந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் தாமே குறித்துள்ளார் என்பது தமிழராகிய நமக்குப் பெருமை தரும் செய்தி. அமெரிக்காவில் ஹென்றி கிளார்க் வாரன் என்பவர், சிறு வயதில் நேர்ந்த விபத்தால் முதுகெலும்பு பழுதுற்று வாழ்நாள் முழுதும் துன்புற்றவர், இந்நூலைப் பதிப்பிக்கும் பணியை மேற்கொண்டு, முடிக்கும் முன்னரே 1899-இல் மறைந்தார். அப்பணியை நிறைவேற்றத் துணைபுரியுமாறு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1910-இல் கோசாம்பியை அழைத்தனர். பேராசிரியர் லான்மனோடு சேர்ந்து அவர் உழைத்தார். ஆனால் நூலின் முகப்பில் அவருடைய பெயர் எவ்வாறு இடம்பெறுவது என்பது பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. பணி முடியாமலே 1912-இல் அவர் நாடு திரும்பினார்.

‘நான்’ என்பது இல்லை என்று கற்பிக்கும் நூலைத் தொகுக்கும் இடத்தில் பெயருக்காகப் பூசல் எழுந்ததே என்று சிலர் நகைக்கலாம். நாம் அவ்வாறு நகைக்க மாட்டோம். உழைத்தவன் உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொள்ளுமாறு கேட்பது பேராசையன்று, அது நியாயம். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய்ச் செய்த உழைப்பு பிறர் பெயரில் எழுதப்பட்டதை அறிந்த நாம் இதனை எளிதில் உணர்வோம். ஆயினும் கோசாம்பியின் மனநிலையை அளக்க வேண்டின், பூசலுக்குப் பின் அவர் செய்ததையே பார்த்தல் வேண்டும். 1918-லும், 1926-லும், 1931-லும் மும்முறை மீண்டும் அதே ஹார்வர்டுக்குச் சென்று, அதே நூலின் பணியைத் தொடர்ந்து முடித்தார். நியாயத்தைக் கேட்டார், அது கிடைக்கும் வரை நூலைப் பகைக்கவில்லை. வாரன் பெயரோடு கோசாம்பியின் பெயரும் தாங்கி அப்பதிப்பு 1950-இல் வெளிவந்தபோது இருவரும் உயிரோடு இல்லை. அனத்தம் என்னும் தத்துவத்திற்கு இதனினும் சிறந்த விளக்கம் நாம் தேட வேண்டுமோ?

ஹார்வர்டு பதிப்பு உரோமன் எழுத்தில் அமைந்தது. நம் நாட்டு மாணவர் எளிதில் படிக்க வேண்டுமே என்று, அந்நூலையே தேவநாகரி எழுத்தில் 1940-இல் பம்பாயில் வெளிவரச் செய்தார். அடுத்த ஆண்டில், அபிதம்மத்தைச் சுருக்கித் தரும் ‘அபிதம்மத்தசங்ககம்’ என்னும் நூலுக்குத் தாமே பாலியில் புதிய உரை ஒன்று வகுத்து வெளியிட்டார். அவ்வுரைக்கு அவர் இட்ட பெயர் ‘நவநீதம்’, அதாவது வெண்ணெய். பழைய உரைகள் கடல்போற் பரந்தவை. புதிதாய்க் கற்போர் அதனுள் இறங்கவே அஞ்சுவர். ஆகவே தாம் கடைந்து, கற்போர் உள்ளங்கையில் வெண்ணெயை வைத்தார். கடையும் வருத்தம் ஆசானுக்கு, சுவை மாணவனுக்கு. நல்லாசிரியர்க்கு இலக்கணம் இதுவே.

இம்முறை கோசாம்பி புதிதாய்க் கண்டதன்று. பகவான் காட்டிய வழியேயாம். சிறுவனாகிய இராகுலனுக்குப் பொய்யின் தீமையை உரைக்கப் புகுந்த பெருமான், கால் கழுவிய பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார். பின் அதனைக் கொட்டினார். பின் பாத்திரத்தைக் கவிழ்த்தார். பின் நிமிர்த்தி வெறுமையைக் காட்டினார். தெரிந்தே பொய் சொல்ல நாணாதவனுடைய துறவு அத்தகையது என்றார். உழவனாகிய பாரத்துவாசனிடம் ஏரும் நுகமும் விதையும் கொண்டு பேசினார். அளவு கடந்து முயன்று கால் தேய்ந்து குருதி வடிய நடந்த சோணன் முன்னாளில் யாழ் மீட்டியவன். ஆதலின், மிக முறுக்கிய நரம்பும் தளர்ந்த நரம்பும் இசை தாரா என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். கேட்போர் கையில் இருக்கும் பொருளையே பாடப் புத்தகமாக்கினார். தமக்குத் தெரிந்தது அனைத்தையும் அவர் கொட்டிவிடவுமில்லை. கோசாம்பி நகரத்துச் சிம்சபை மரச் சோலையில் கையில் எடுத்த சில இலைகளைக் காட்டி, தாம் அறிந்தவை மரத்திலுள்ள இலைகள் போல்வன, உரைத்தவை கையிலுள்ளவை போல்வன என்று அருளினார். துன்பம் நீங்க உதவுவதையே தேர்ந்து கொடுப்பது ஆசானின் கடமை என்பதற்கு இதுவே சான்று.

கொடுப்பதில் மற்றொரு கடமையும் உண்டு. உண்மையை ஆராய்ந்து கொடுத்தல். சித்தார்த்தர் முதியவன், நோயாளி, பிணம், துறவி என்னும் நான்கையும் திடீரெனக் கண்டு துறவு பூண்டார் என்பதே வழிவழி வந்த கதை. கோசாம்பி 1940-இல் எழுதிய ‘பகவான் புத்தர்’ என்னும் நூலில் இதனை ஆராய்ந்து, இக்கதை திரிபிடகத்தில் விபச்சி என்னும் முற்காலத்துப் புத்தரைப் பற்றியே காணப்படுகின்றது என்று காட்டினார். மக்கள் படையெடுத்து ஒருவரையொருவர் மாய்க்கக் கண்டு தமக்கு அச்சமும் வெறுப்பும் தோன்றிய வகையைப் பகவானே கூறுவதாக அமைந்த சுத்தநிபாதப் பகுதி ஒன்றை எடுத்துக்காட்டி, உரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் இட்ட சண்டையே துறவுக்குத் தூண்டுகோல் என்று கருதினார். அண்ணல் அம்பேத்கர் இயற்றி 1957-இல் வெளிவந்த பெருநூலும் இச்சண்டையையே காரணமாய்க் கொண்டது. பழங்கதையில் பற்றுடையோர் சிலருக்கு இது வருத்தம் தரலாம். ஆனால் கேள்வியால் மட்டும் நம்பாதே, மரபென்று மட்டும் நம்பாதே என்று காலாமர்க்கு உரைத்தவருடைய மாணவர்கள் நாம். ஆராய்ந்தபின் நமக்குக் கிடைத்த புத்தர், ஆற்று நீருக்காக மனிதன் மனிதனைக் கொல்லும் உலகைக் கண்டு கலங்கிய புத்தர். அவர் நமக்கு இன்னும் நெருங்கியவர் அல்லரோ?

கோசாம்பி கல்லூரிச் சுவர்களுக்குள் மட்டும் அடங்கவில்லை. காந்தியடிகள் நிறுவிய குசராத்து வித்தியாபீடத்தில் கற்பித்தார். இரஷ்ய நாட்டு லெனின்கிராடுக்கும் சென்று வந்தார். 1930-இல் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். 1937-இல் பம்பாய் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளரும் ஒடுக்கப்பட்ட மக்களும் நெருங்கி வாழ்ந்த இடத்தில், ‘பகுசன விகாரை’ என்னும் அறச்சாலையை அமைத்து அங்கே தங்கினார். பகுசனம் என்பது வெகுமக்கள். முதல் அறுபது அறவோரைப் பகவான் நாற்றிசையும் அனுப்பியபோது வெகுமக்கள் நலனையே நோக்கமாகச் சொன்னார். அச்சொல்லையே கோசாம்பி தம் விகாரைக்குப் பெயராக்கினார். ஹார்வர்டில் விசுத்திமக்கம் பதிப்பித்தவர், நெசவாலைத் தொழிலாளர் நடுவே சென்று அமர்ந்தார். தத்துவம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு இது செயலால் அளித்த விடை.

1947-ஆம் ஆண்டு சூன் திங்களில், சேவாகிராமத்தில், உணவை நீத்து அவர் உயிர் துறந்தார். உண்ணாநோன்பால் உயிர் விடுதல் சமண நெறியில் போற்றப்படுவது. நடுவழியைப் போதிக்கும் நம் நெறியில் அதனை முன்மாதிரியாகக் காட்டுவதற்கில்லை. நாமும் காட்டவில்லை. அவர் வாழ்ந்த முறையே நமக்குப் பாடம். தம் பெயரால் சிலை வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இருந்ததில்லை. பாலி கற்க இலங்கைக்கு மாணவர் செல்ல வேண்டும் என்னும் வேட்கையே இருந்தது.

ஆகவே, அன்பர்காள்! முதல் வினாவுக்கு வருவோம். ‘சீலம் போதாதோ?’ என்று கேட்டீர். சீலம் அடித்தளம், ஆனால் அடித்தளத்தில் மட்டும் எவரும் குடியிருப்பதில்லை. சுவரும் கூரையும் வேண்டும். பாலியும் தத்துவமும் ஒரு சாராரின் உடைமை என்று எண்ணி நாம் விலகி நிற்போமாயின், நம் அறத்தைப் பிறர் நமக்கு வேண்டியவாறு அல்ல, தமக்கு வேண்டியவாறு எடுத்துரைப்பர். தோப்புக்காரர் ஒருவர், சிறுவர் இதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினார். நீவிர் அதனினும் குறைந்த நிலையில் இருந்து தொடங்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு பாலிச் சொல். கிழமைக்கு ஒரு சுத்தம். படித்ததை இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லுதல். இவ்வளவே நாம் கேட்பது. பிள்ளைகள் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிடின், ‘தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லுங்கள். அதுவும் கற்பித்தலே.

கற்ற இளைஞர்காள்! பிறர் பசுக்களை எண்ணும் ஆயன், பாலைச் சுவைப்பதில்லை என்னும் உவமை தம்மபதத்தில் உள்ளது. பட்டம் பெற்றும் சீலத்தில் நில்லாதவன் அந்த ஆயன். சீலத்தில் நின்றும் கற்றதைத் தானே பூட்டி வைத்திருப்பவன், பாலைக் கறந்து புளிக்க விட்டவன். நீங்கள் எந்தப் பதவியில் அமர்ந்தாலும் அமர்க. ஆனால் கிழமைக்கு ஒரு மாலையேனும் நம் கூடத்துப் பாயில் வந்து அமர்ந்து, கடைந்த வெண்ணெயில் ஒரு பிடி கொடுங்கள். கேட்போர் ஐவரே வந்தனர் என்று மனம் தளராதீர். மான்சோலையிலும் ஐவரே இருந்தனர்.

தானங்களுள் அறத்தானம் தலையாயது என்பது பெரியோர் துணிபு. பொன்னைக் கொடுத்தவனுக்குப் பொன் குறையும். அறத்தைக் கொடுத்தவனுக்கு அறம் வளரும். இந்த ஆடிப் பூரணை நாளில், நாம் ஒவ்வொருவரும் நமக்குத் தெரிந்த ஓர் அறவுரையை, அதனை அறியாத ஒருவருக்கு, அவருக்கு விளங்கும் சொல்லில் கொடுத்துவிட்டே உறங்கச் செல்வோமாக.

மும்மணிகள் நம்மைக் காக்க. அறம் வாழ்க, அதனைக் கற்போரும் கற்பிப்போரும் வாழ்க.